என் பெயர் இருந்த பக்கம்

நான் ஓடிப்போனவள் என்று எழுதி வைத்திருந்தார்கள். பதின்மூன்று வருஷம் அந்த எழுத்து தோட்டத்து ஆபீஸ் அலமாரிக்குள் கிடந்திருக்கிறது. அதே பதின்மூன்று வருஷமும் நான் அந்த ஆபீசைத் தாண்டித்தான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறியிருக்கிறேன். ஓடிப்போனவள் ஒருத்தி காலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையில் நிற்பாளா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஜெயித்தவளுடைய கோபம் அது. அதில் ஒரு ருசி உண்டு.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. நான் கொழுந்து பறிப்பவள். வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அதில் நான், என் மாமியார், என் ஒரே மகள். என் வீட்டுக்காரர் நெஞ்சுச்சளியில் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தெரிந்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டு, அவருக்குத் தெரியாததைக் கேட்டு அவரைத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருந்தாள். நான் எழுத்துப் படித்ததும் அவளிடம்தான். அவள் சிலேட்டில் எழுதுவாள், நான் அடுப்பில் சட்டியைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே படித்துவிட்டேன்.

ஒரு நாள் எங்கள் கூட்டத்தை வேலை வாங்கும் கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புள்ளைக்குக் கை நல்லா நீளமா இருக்கு. இந்த மாசமும் அடுத்த மாசமும் போகட்டும், பேர் பதிஞ்சிருவோம். கொழுந்துக்கு ஏத்த கை."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கையைப் பேனா பிடிக்க வைக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். பதுளையில் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே சேர்க்க வேண்டுமென்றால் நாங்கள் பதுளையில் இருக்க வேண்டும். பதுளையில் இருக்க வேண்டுமென்றால் எனக்கு அங்கே வேலை வேண்டும்.

அந்த வேலை கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்தது. வீட்டுக்காரர் கடைசியாகப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருபது நாள் நான் அங்கேயே இருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கஞ்சி ஊட்டினேன், துணி அலசினேன். அதைக் கவனித்து வைத்திருந்த தாதியம்மா இரண்டு வருஷம் கழித்து ஆள் மூலம் சொல்லியனுப்பினார். வார்டில் ஆயா வேலைக்கு ஆள் வேண்டும், தங்க ஓர் அறையும் உண்டு, தோட்டத்திலிருந்து நடத்தைச் சீட்டு வந்தால் போதும் என்று. நான் ஆபீசில் சொல்லி வைத்தேன். சீட்டு ஒட்டப்பட்டு நேரே தபாலில் போயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கக்கூட இல்லை. நல்லதைத் தவிர என்ன இருந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

இரண்டு வாரம் கழித்து, சேலையை நன்றாகத் துவைத்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதியம்மா என்னைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ முன்னாடி ஒரு தடவ தோட்டத்தை விட்டு ஓடிப்போனவளாமே? அப்படித்தான் எழுதியிருக்கு. அதனால உனக்குப் பொறுப்பு ஏத்துக்க முடியாதாம்."

"நானா?"

"உன் பேர்தாம்மா போட்டிருக்கு."

தோட்டத்து ஆண்பிள்ளை ஓடிப்போனான் என்றால் வேலைக்குப் பயந்து ஓடினான் என்பார்கள். பெண்பிள்ளை ஓடிப்போனாள் என்றால் கூடவே ஒருத்தனையும் சேர்த்துத்தான் சொல்லுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் தவிர வேறு வாசலை மிதித்ததில்லை. அங்கேயே நின்று அழுதேன். வெட்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

தாதியம்மா நல்ல மனசுக்காரர். "நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா எழுத்துக்கு எழுத்துத்தான் பதில். இந்த மாசம் முடியிற வரைக்கும் எடத்த வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கச் சொல்றேன். மாத்தி எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

மாசம் முடிய மூன்று வாரம் இருந்தது. மகள் பேரைப் பதிவதாகக் கங்காணி சொன்ன கெடுவும் அன்றோடுதான் முடிந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்கா, மலைக்கா என்பது ஆபீஸ் அலமாரியில் இருந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். லயத்து ஆட்கள் ஆபீஸ் படி ஏறுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். கிளாக்கர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. புத்தகத்தில் இருப்பது பொய்யாகாது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்து பத்து வருஷம். என்னை ஓடவைத்தவர் அவருக்கு முன் இருந்தவர்.

"கிளாக்கரய்யா, என் பேர் எழுதின பக்கத்தை நான் பாக்கணுங்க."

அவர் தலை நிமிரவில்லை. "எந்தப் பக்கம்?"

"நான் ஓடிப்போன பக்கம்."

அப்போது நிமிர்ந்தார். "ஓ, அதுவா. நடத்தைச் சீட்டு எழுதணுமேன்னு பழைய புஸ்தகமெல்லாம் தேடி எடுத்தேன். அதுல இருக்கிறதத்தான் எழுதினேன்."

"அதத்தாங்க நான் பாக்கணும்."

"புஸ்தகம் தொரையோடது. கூலியாளுக்குக் காட்டுற வழக்கம் கெடையாது."

"புஸ்தகம் தொரையோடதுதாங்க. அதுல இருக்கிற பேரு என்னுது."

"இங்கிலீசுல இருக்கு. பாத்து என்ன செய்யப் போற?"

"கண்ணாடியில மூஞ்சி பாக்குறதுக்கு இங்கிலீசு தெரியணுமாங்க?"

பக்கத்தில் எண்ணெய் போத்தலோடு நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். கிளாக்கருக்கு முகம் கடுத்தது. என் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அலமாரியைத் திறந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, என் பக்கம் திருப்பாமல், தானே படித்துத் தமிழில் சொன்னார். மார்ச் மாசம் முதல் வாரத்திலிருந்து வேலைக்கு வரவில்லை, வீட்டில் கேட்டும் இடம் சொல்லவில்லை, ஓடிப்போனாள் என்று கங்காணி தகவல். வருஷத்தையும் சொன்னார். படாரென்று மூடினார்.

நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே லயத்துக்கு இறங்கினேன். மார்ச் என்றால் மாசி. அந்த வருஷத்து மாசி. பாதி வழியில் நின்றுவிட்டேன். அந்த மாசியில் எனக்கு ஏழாம் மாசம். வீட்டோடு வளையல் போட்டு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் தாய்வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்குப் போனேன். மகள் பிறந்து மூன்று மாசம் கழித்து வந்தேன். பழைய கங்காணி, அதாவது இப்போதைய கங்காணியின் அப்பா, என் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார். என்னைப் புது ஆளாகத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் பெயரெல்லாம் கூப்பிட்டு முடிந்த பிறகு, பெரட்டில் எங்கள் கூட்டத்தில் என் பெயரைக் கடைசியில் கூப்பிடுவது அதனால்தான். அதற்கப்புறம் எங்கள் கூட்டத்துக்குப் புது ஆள் யாரும் வரவில்லை.

காம்பராவுக்குள் நுழைந்ததும் மாமியாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, நான் தலப்பெரசவத்துக்குப் போனப்ப கங்காணி வந்து கேட்டாரா?"

"வந்தாரு. விடிஞ்சதும் விடியாததுமா வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, மருமக எங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போயிட்டான்னேன்."

"எங்கன்னு சொன்னீங்களா?"

மாமியார் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லாருக்கே! புள்ளத்தாச்சி பொறப்பட்டுப் போயி வழியில நடந்துக்கிட்டு இருக்கா. அந்த நேரத்துல எங்க போறா, எங்க போறான்னு கேட்டா வெளங்குமா? எங்க போனா உங்களுக்கென்ன, கேக்காம போங்கன்னு வெரட்டி விட்டேன். ஊர் கண்ணு படக் கூடாதுன்னு, இடுப்புச் சாக்கால மறைச்சு வச்சு வயித்தையே நான் ஒருத்தருக்கும் சொல்லல. உம் புருஷனையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன். இவருக்கு எடம் வேற சொல்லணுமா?"

இதுதான் நடந்திருக்கிறது. கண்ணேறுக்குப் பயந்து மாமியார் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதால் கங்காணி சந்தேகப்பட்டார். கங்காணி சொன்னதைக் கிளாக்கர் எழுதினார். நானோ அப்போது அம்மா கையால் மிளகு ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயில் அடித்துக்கொண்டு அழுதார். "என் வாயாலயே உன்னைக் கெடுத்தேனே" என்றார். எனக்குத் திட்ட வாய் வந்தது, ஆனால் திட்டவில்லை. என் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதானே அத்தனையும் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் புறப்பட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளிப் பக்கம் நடந்தேன். தோட்டத்தில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் அந்தந்தத் தோட்டத்துத் துரை எழுதி வைக்க வேண்டும் என்று வாத்தியார் ஒருமுறை சொல்லியிருந்தார். என் மகள் பிறந்தது தாய்வீட்டு லயத்தில். அப்படியானால் அந்த ஆபீசில் ஒரு வரி இருக்க வேண்டும்.

அங்கிருந்த கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். தன்னப் பத்தி எழுதினதக் காட்டுன்னு லயத்துலேருந்து வந்த மொத ஆளு நீதாம்மா" என்றார். தேடினார். இருந்தது. மே மாசம், பெண் குழந்தை. ஓரத்தில் அவரே தன் கையால் எழுதிய குறிப்பு, தாய் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து ஆள், பிரசவத்துக்காக மார்ச்சிலிருந்து பெற்றோரிடம் இருக்கிறாள் என்று. அதை அவர் படித்துச் சொன்னபோது எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நகல் எடுத்து, துரை வந்ததும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமைகளில் எங்கள் துரை பெரட்டுக்கு வருவார். அன்றைக்கும் வந்தார். குதிரையை விட்டு இறங்கி, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மூடுபனி விலகவில்லை. கிளாக்கர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் "ஐயா" என்றார்கள். எங்கள் கூட்டத்தில் கடைசியாக என் பெயர் வந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து நின்றேன்.

"கிளாக்கரய்யா, இப்பக் கூப்பிட்டது எந்தப் பேருங்க? ஓடிப்போனவ பேரா, இங்க நிக்கிறவ பேரா?"

துரை திரும்பினார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு வரும், முரட்டுத் தமிழ்.

"என்னா பொம்பளே? என்னா வேணும்?"

"என் பேர் எழுதின பக்கத்தைப் பாக்கணும் தொரை. அதுல பொய் எழுதியிருக்கு."

"என் புக்கில பொய்யா?" அவர் முகம் சிவந்தது. நான் நினைத்ததும் அதுதான். என்மேல் இரக்கப்படாவிட்டாலும் தன் புத்தகத்துக்காகக் கோபப்படுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். "கொண்டு வா புக்!" என்றார்.

கிளாக்கர் ஓடிப்போய்ப் பழைய புத்தகத்தையும் நடப்புப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். ஆபீஸ் விறாந்தையில் மேசை போட்டார்கள். துரை என்னைப் பார்த்துக் கைத்தடியால் படியைக் காட்டினார். நான் அந்தப் படியில் ஏறினேன். என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பழைய புத்தகத்தைத் திறந்து, ஒரு வரிமேல் விரலை வைத்து, "இது நீ" என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி. என் மானத்தை வாங்கியது இத்தனை சின்னதா என்று நினைத்தேன்.

ரவிக்கைக்குள்ளிருந்து நகலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தேன். துரை இதைப் படித்தார், அதைப் படித்தார், திரும்ப இதைப் படித்தார்.

"புள்ளை பெறப் போனதா? ஏன் அப்ப சொல்லலே?"

"என்னை யாருங்க கேட்டா? ஓடிப்போனவன்னு எழுதினத, ஓடிப்போனவகிட்ட ஒருத்தரும் சொல்லலீங்களே."

அதற்குள் லயத்துப் பக்கமிருந்து என் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டார். யார் சொல்லியும் நிற்கவில்லை. "எம்மேல குத்தம் தொரை. நாந்தான் சொல்லல. புள்ளத்தாச்சி கெளம்பினா எங்க போறேன்னு கேக்கலாமா? நீங்களே சொல்லுங்க!"

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் இங்கிலீசில் ஏதோ விளக்கினார். துரை அவரிடம் தமிழிலேயே கேட்டார்.

"உன் வீட்டில் கேட்பியா?"

கிளாக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இல்லீங்க சார். எங்க வீட்லயும் கேக்க மாட்டாங்க."

களத்தில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். கூடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்கள். துரையும் மீசைக்குள் சிரித்தார். பேனாவை எடுத்து, அந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தார். பக்கத்தில் ஏதோ எழுதினார். "பிரசவத்துக்குத் தாய்வீடு போனது, திரும்ப வந்தது" என்று படித்துச் சொன்னார். கிளாக்கர் என் கட்டைவிரலுக்கு மை டப்பாவை நீட்டினார்.

"பேனா குடுங்கய்யா" என்றேன்.

என் பெயரைத் தமிழில் எழுதினேன். எழுத்து கோணல்தான், ஆனால் ஓர் எழுத்தும் குறையவில்லை. கிளாக்கர் அதைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எழுத்தும் உள்ள பிள்ளை நன்றாகவே பிழைக்கும்.

அதோடு இறங்கியிருப்பேன். துரை என் இப்போதைய பெயரையும் சரிபார்க்க நடப்புப் புத்தகத்தைத் திறந்தார். "இதுவும் நீ" என்று காட்டினார். எங்கள் கூட்டத்துக் கடைசிப் பெயர் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதன் மை புதிதாக இருந்தது.

"அதுக்குக் கீழ யாருங்க தொரை?"

துரை படித்தார். என் மகள் பெயர். வயது பதினைந்து என்றும் எழுதியிருந்தது. அடுத்த மாசத்திலிருந்து வேலைக்கு.

நான் கங்காணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பதியலாம் என்று அன்றைக்கு வாயால் சொன்னவர், கெடுவுக்கு முன்னாலேயே பதிந்ததை மகளுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. என்னை எழுதியது போலவே அவளையும் எழுதிவிட்டார்கள். அந்தப் படி ஏறாமல் இருந்திருந்தால் அவள் பெயரைப் பெரட்டில் கூப்பிடும்போதுதான் எனக்குத் தெரிந்திருக்கும். நகலை எடுத்துத் துரையின் முன்னால் தள்ளினேன்.

"இதுல பொறந்த புள்ளதாங்க அவ. பொறந்த வருஷம் இதுலயே இருக்கு, எண்ணுனா பதிமூணுதான். அவ பேரக் குடுக்கச் சொல்லி நான் சொல்லல. அதையும் அடிங்க தொரை."

"வேலை செய்யாம என்னா செய்யும்?"

"படிக்கும்" என்றேன்.

துரை பேனாவை மையில் தோய்த்தார். அப்புறம் அந்த வரியின் குறுக்கேயும் கோடு இழுத்தார். கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நான் கண்ணை எடுக்கவில்லை.

அன்று பகலிலேயே துரை தன் கையால் நடத்தைச் சீட்டு எழுதிக் கொடுத்தார், ஒட்டாமல். மறுநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். "எங்க பக்கத்தையும் காட்டுங்கய்யா" என்று ஒரே சத்தம். ஒருத்தி அக்காள் பெயரில் இருந்தாள். இன்னொருத்தியைச் செத்துப்போனவள் என்று எழுதியிருந்தது. அவள் "நான் செத்தத எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாளாம். கிளாக்கர் ஒரு வாரம் அலமாரியைப் பூட்டவே இல்லை.

மாசம் முடிவதற்கு நாலு நாள் இருக்கும்போது நாங்கள் மூன்று பேரும் பதுளைக்கு இறங்கினோம். தாதியம்மா சீட்டைப் படித்துவிட்டு, ஆயா உடுப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து, பெயரைச் சொல்லச் சொன்னார். மகள் சொல்லவில்லை. "நானே எழுதுறேங்க" என்று கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். அவள் நின்றபடியே குனிந்து தன் பெயரை எழுதினாள். வயது பதின்மூன்று என்றும் எழுதினாள்.